பதினைந்து மணி நேரத் தூரம்

தம்பிக்கு,

மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும். போன வியாழக்கிழமை பட்டுக்கோட்டையில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில், மெக்காவுக்கு உம்ரா கிளம்புகிற ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, உலகத்திலேயே இல்லாத ஒரு விமானத்துக்கு டிக்கெட் கேட்டு உன் அப்பன் சண்டை போட்டான். சாதாரணச் சண்டை இல்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டி, மேசையை இரண்டு தட்டுத் தட்டி, "கவர்மெண்ட் உத்தியோகத்துல முப்பது வருஷம் குப்ப கொட்டுனவன், என்னய ஏமாத்த முடியாது" என்று குரல் உயர்த்துகிற அளவுக்கான சண்டை. உன் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத மாதிரி சுவர்க் காலண்டரில் போன மாதத்துத் தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

டிராவல்ஸ் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், அதனால் அண்ணே போட்டுத்தான் பேசுவார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "திருச்சிலேர்ந்து அபுதாபி, அங்கேர்ந்து டொராண்டோ, அப்பறம் எட்மண்டன். முப்பத்தஞ்சு மணி நேரம் ஆவும்ணே, இருக்கறதுலயே இதான் கொறச்சல்" என்றார். நான் சிரித்தேன். விவரம் தெரியாத ஆளைப் பார்த்து விவரம் தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு.

"பதினஞ்சு மணி நேரத்துல போறது ஒண்ணு இருக்கே பாய், அதப் போடுங்க."

"அப்புடி ஒரு ஃப்ளைட்டே கெடையாதுண்ணே."

"இருக்கு. இந்தா பாருங்க, போன்லயே இருக்கு."

அவர் என் போனை வாங்கி, ஒரு கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, பொறுமையாகப் படித்தார். பிறகு மேசைமேல் போனை அலுங்காமல் வைத்தார். "அண்ணே, இது ரெண்டு ஊருக்கும் நடுவுல நூல் புடிச்சுப் பாத்த கணக்கு. இவ்வளவு தூரம், ஒரு ப்ளேன் எங்கயும் எறங்காம நேராப் போனா இவ்வளவு நேரம்னு சும்மா வகுத்துச் சொல்லிருக்கான். அந்த நூல் மேல உக்காந்து யாரும் போவ முடியாதுண்ணே." அப்போதுதான் நான் மேசையைத் தட்டியது. உம்ராவுக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், பாயிடம் மெதுவாகச் சிபாரிசு செய்தார்: "பாவம், புள்ளயப் பாக்கப் போறாரு போல. அவரு கேக்குற அந்தப் பதினஞ்சு மணி நேரத்தையே போட்டுக் குடுத்துருங்களேன் வாப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குச் சிரிக்கச் சொல்லியா தர வேண்டும். முப்பத்தைந்து மணி நேர டிக்கெட்டையே வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். எதிரே கரும்புச்சாறு வண்டி. உன் அம்மா இரண்டு தம்ளர் சொன்னாள். அந்த மெஷின் கரும்பை நசுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குள் ஏதோ இறங்கியது. அந்த விமானம் இல்லை என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ சொன்னது அத்தனையும் உண்மை. அப்படியென்றால் அன்றைக்கு மண்டபத்தில் நான் செய்தது என்ன? சாறு இனிப்பாகவே இல்லை. உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் வந்து சேர்ந்துச்சா மண்டைக்கு?" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்று நீ நினைப்பாய். எழுதினால் நடுவில் எங்கேயாவது ஒரு சிரிக்கிற மூஞ்சியைப் போட்டுவிடுவேன், என் விரலை எனக்குத் தெரியும். நேரில்தான் வருகிறோமே, அங்கே சொல்லலாமே என்றால், அது இன்னும் மோசம். உன் முகத்துக்கு நேரே நின்றால் என் வாய் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்துவிடும், நீயும் மரியாதைக்கு ஒரு புன்னகை செய்வாய், விஷயம் அதோடு போய்விடும். பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதிப் பழகின கை இது. மூன்று வரிக்கு மேல் போனால் சிரிக்க வைக்காமல் இருக்கத் தெரியாது. எனவே நாங்கள் வந்து இறங்குவதற்கு முன்னால் நீ இதைப் படித்திருக்க வேண்டும். படித்துவிட்டு, விமான நிலையத்துக்கு எங்களை அழைக்க வரும்போது உன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நீ முடிவு செய்துகொள்ளலாம். அந்த அவகாசத்தை உனக்குத் தர வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

நீ போன புதிதில், எட்மண்டன் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. மேற்கே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துபாய் மேற்கே, லண்டன் மேற்கே, அதற்கும் மேற்கே நீ. சாயங்காலம் வாய்க்கால் கரையில் சூரியன் இறங்குகிற பக்கமாகப் பார்த்து, இப்போது எழுந்து பல் விளக்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் ஒரு நாள் போனில் தற்செயலாக அந்தப் பக்கம் கிடைத்தது. இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் போதும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடும். திருச்சி என்று போட்டேன், உன் ஊரைப் போட்டேன். பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. பதினைந்து மணி நேரம். கூடவே ஒரு படமும் இருந்தது. அதில் திருச்சியிலிருந்து கிளம்பிய கோடு மேற்கே போகவே இல்லை, தம்பி. நேரே வடக்கே ஏறியது. இமயமலையைத் தாண்டி, ரஷ்யாவைத் தாண்டி, பனிக்கடலைத் தாண்டி, பூமியின் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கி உன் வீட்டு வாசலில் போய் நின்றது.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. என் மகன் வடக்கே இருக்கிறான். நம் வீட்டு மாட்டுக்கொட்டகை பக்கம்! அதற்கு அப்புறம் கொஞ்ச நாள் கட்டிலில் தலையணையை வடக்குப் பக்கம் போட்டுப் படுத்தேன். தெற்கே தலை வைத்தால் உன் பக்கம் கால் நீட்டுகிற மாதிரி இருந்தது. உன் அம்மா மூன்றாவது நாள் கண்டுபிடித்துவிட்டாள். "வடக்க தல வச்சுப் படுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது, எமனுக்கு வழி காட்டுறீங்களா?" என்று கத்தினாள். காரணத்தைச் சொன்னேன். தலையணையை எடுத்துத் தட்டினாள். பிறகு, "கெழக்க தல வைங்க. வலது கைப்பக்கம் அவன் இருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்று வரை அப்படித்தான் படுக்கிறேன். அவளும்தான், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பதினைந்து மணி நேரம் என்கிற அந்தக் கணக்கை நான் ஊர் முழுக்கச் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், செக்‌ஷன் ஆபீசில் சொன்னேன், உன் அக்காவின் மாமனாருக்கு முத்துப்பேட்டைக்கு போன் போட்டுச் சொன்னேன். "எம்மவன் ஒண்ணும் ரொம்ப தூரத்துல இல்லீங்க சம்பந்தி. காலைல ஏறுனா ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துரலாம்." சென்னைக்கு பஸ்ஸில் போய், ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு, திரும்பி வருகிற நேரம்தானே என்பேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். யாருக்கும் மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊரில் பாதிப் பேர் வீட்டில் ஒருவர் வெளிநாட்டில்தான், ஆனாலும் யாரும் எட்மண்டன் போனதில்லையே.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், தூரம் வேறு நேரம் வேறு என்று இந்த டெல்டாவில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியவன் நான்தான். பொதுப்பணித்துறை லஸ்கர். ஆறு மதகையும் ஒன்பது மைல் வாய்க்காலையும் கட்டிக்கொண்டு அழுகிறவன். கல்லணையில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்த நிமிஷத்திலிருந்து, என்னைப் பார்க்கிற ஒவ்வொரு விவசாயியும் கேட்கிற ஒரே கேள்வி, தண்ணி எப்ப வரும் என்பதுதான். உனக்கு நினைவிருக்கும், நீ ஆறாவதோ ஏழாவதோ படித்த வருஷம், நான் இளரத்தத்தில் கணக்குப் போட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் கடைமடைக்கு ஏறிவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தூரம் இவ்வளவு, தண்ணீர் ஒரு மணிக்கு இவ்வளவு ஓடும், வகுத்தால் செவ்வாய். தண்ணீருக்கு வகுத்தல் தெரியவில்லை. மேலே ஒரு ஷட்டர் பழுது, நடுவில் ஆகாயத்தாமரை அடைப்பு, முறை வைத்ததில் பக்கத்து வாய்க்காலுக்கு இரண்டு நாள், போதாக்குறைக்கு நம் சொந்தக்காரர் ஒருவரே கரையை வெட்டித் தன் நாற்றங்காலுக்குத் திருப்பிக்கொண்டார் (யார் என்று உனக்குத் தெரியும், இப்போது பஞ்சாயத்தில் பெரிய ஆள், அதனால் பெயர் வேண்டாம்).

கடைமடைக்காரர்கள் செவ்வாய்க்கிழமை என்னைப் பிடித்து மதகடியில் உட்கார வைத்துவிட்டார்கள். அடிக்கவில்லை, வையவில்லை. வேளாவேளைக்கு மோரும் சோறும் கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு விடுவார்கள், காலையில் இரண்டு பேர் வந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் மறுபடியும் உட்கார வைப்பார்கள். சனிக்கிழமை வரைக்கும் அந்த உத்தியோகம். அதில் ஒருவர் சொன்னார்: "கல்லணையில தொறந்தத நீங்க எங்ககிட்ட சொல்லவே வேணாம் சார். எங்க வயல்ல ஏறுனா நாங்களே வந்து சொல்றோம், நீங்க எழுதிக்கிங்க." அன்றோடு நான் தேதி சொல்வதை விட்டேன். யார் கேட்டாலும், "கெளம்பிருச்சு" என்று மட்டும்தான் சொல்வேன். அவ்வளவு புத்தி வந்தவன், மகன் விஷயத்தில் மறுபடியும் வகுத்தல் போட்டேன்.

காதுகுத்துக்கு வருகிறேன். எவ்வளவு சுற்றினாலும் அங்கேதானே வர வேண்டும்.

உன் அக்கா மகனுக்குக் காது குத்த ஐயர் இரண்டு நாள் குறித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது, இல்லையென்றால் அடுத்த வியாழக்கிழமை. தாய்மாமன் வெளிநாட்டில் இருப்பவர், அவரைக் கேட்டு எது சௌகரியமோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி தன்மையாகத்தான் சொன்னார். நான் உன்னைக் கேட்கவில்லை. ஞாயிறு என்று அங்கேயே சொல்லி, பத்திரிகையும் அடிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு உனக்கு போன் செய்தேன். நீ கோபப்படவில்லை. "வியாழக்கிழமைன்னா நல்லாருந்துருக்கும்பா. இங்க வெள்ளிக்கு முன்னாடி லீவு தர மாட்டாங்க. பனி வேற கொட்டுது. ஒரு ஃப்ளைட் லேட்டானா எல்லாம் போச்சு" என்றாய். நான் சொன்ன பதில் உனக்கு மறந்திருக்காது: "பதினஞ்சு மணி நேரத்துக்கு என்னடா இவ்வளவு கத? வர மனசில்லன்னா மனசில்லன்னு சொல்லு." லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன். நீ, "வர்றேன்பா" என்றாய்.

அந்த வெள்ளியும் சனியும் நீ எங்கெங்கே என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். உன் ஊரில் விமானத்தின் இறக்கைமேல் உறைந்த பனியைக் கரைக்க மருந்து கலந்த வெந்நீரை அடித்துக் குளிப்பாட்டினார்களாம். அதில் நேரம் போய், டொராண்டோவில் அடுத்த விமானம் போய்விட்டதாம். கிடைத்த இன்னொன்றில் ஏறி, வேறு எங்கேயோ சுற்றி வந்தாயாம். நீ ஒவ்வொரு இடத்திலிருந்தும் அனுப்பிய செய்தியை உன் அம்மா எனக்குப் படித்துக் காட்டினாள். நான், "சாக்குச் சொல்றான்" என்றேன். வாயால்தான் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து தெருவில் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் முதலில் எழுந்து போனது யார் என்று அவளைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ஆசாரி ஊசியோடு தயார். குழந்தைக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, பட்டுச் சட்டை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். "மாமன் எங்க, மாமன் மடி எங்க?" என்று நூறு பேர் நூறு தடவை கேட்டார்கள். நான் நூறு பேரிடமும் "வந்துட்டே இருக்கான்" என்றேன். உன் அக்கா மேடையில் இருந்து வாசலைப் பார்ப்பதும், என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். எட்டே முக்காலுக்கு ஐயர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். உன் பெரியப்பா மகன் குமாரும் முறைக்குத் தாய்மாமன்தானே, அவனைப் பிடித்து உட்கார வைத்தோம். அவன் பாவம், பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவன், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நீ வாங்கி வருவதாகச் சொன்ன தோடு இல்லாததால், கடைத்தெருவிலிருந்து அவசரமாக ஒரு ஜோடி வந்தது. ஊசி ஏறியது, குழந்தை அலறியது. உன் அக்காவும் அழுதாள். குழந்தை அழுததற்காக அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு நீ வந்தாய். நம் ஊர் வெயிலில் அந்தக் கறுப்புக் குளிர்ச்சட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல், மூன்று நாள் தாடியோடு, கண் சிவந்து, வாசலில் செருப்பை விடுகிற இடத்தில் நின்றாய். முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்த நேரம். அத்தனை தலையும் திரும்பியது. சட்டையின் உள்பையில் கையை விட்டு, ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீ உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்தேன், தம்பி. பார்த்துவிட்டுத்தான், நூறு பேரிடம் சொன்ன வார்த்தை பொய்யாய்ப் போன அவமானத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அந்த வாக்கியத்தைச் சொன்னேன்:

"காதுகுத்துக்குத்தான் வரல, பந்திக்குக் கரெக்டா வந்துட்டான் பாருங்க எம்மவன்!"

மண்டபம் அதிரச் சிரித்தது. என் வாழ்நாளில் எத்தனையோ வேடிக்கை பேசியிருக்கிறேன், அவ்வளவு பெரிய சிரிப்பு எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. சம்பந்தி துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நீயும் சிரித்தாய். பிறகு நேரே மேடைக்குப் போய் அக்கா கையில் அந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, குழந்தையின் மொட்டைத் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாய். உன்னைப் பந்தியில் உட்கார வைக்க உன் அம்மா தேடிக்கொண்டு வந்தபோது, நீ பின்பக்கம் அண்டா கழுவுகிறவர்களிடம் தண்ணீர் வாங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தாயாம். "பசிக்கலம்மா, ப்ளேன்ல சாப்ட்டேன்" என்றாயாம். அன்றைக்கு நீ அந்த மண்டபத்தில் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் கிளம்பிவிட்டாய்.

அதற்குப் பிறகு மூன்று பொங்கல் போய்விட்டது. நீ வரவில்லை. சண்டையும் போடவில்லை, குறையும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குப் பிழைத்துக்கொள்ள வழி இருந்திருக்கும். ஞாயிறு தவறாமல் போன் செய்கிறாய். "சாப்ட்டீங்களாப்பா?" "சாப்ட்டேன்டா." "மழை உண்டா?" "இல்லடா." "அம்மாகிட்ட குடுங்கப்பா." இதில் என்னைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. எப்போ வர்றே என்று கேட்டால், லீவு இல்லப்பா என்கிறாய். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வருவதில்லை. ஊரில் எதற்கெடுத்தாலும் வாய் வருகிறவனுக்கு.

இப்போது மருமகள் கூப்பிட்டாள். எட்டாம் மாதம், தன் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், நீங்கள் இரண்டு பேரும் வந்து இருக்க வேண்டும் என்றாள். நான் அவளிடம், "அவன் என்னம்மா சொல்றான்?" என்று கேட்டேன். "அவருதான் மாமா உங்களுக்கு ஜாக்கெட் அளவு கேட்டாரு" என்றாள். போனை வைத்துவிட்டு அந்த வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். அளவு கேட்டிருக்கிறான். முப்பத்தெட்டா நாற்பதா என்று தையல்காரரிடம் போய் அளந்துகொண்டு வந்தேன். அவர், "என்ன சார், மகனுக்குக் கல்யாணமா?" என்றார். "அது முடிஞ்சு நாளாச்சு, எனக்குத்தான் நல்ல காலம்" என்றேன்.

நீயும் தகப்பனாகப் போகிறாய். புத்தி சொல்கிற இடம் இது. என் தகுதிக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும். பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வருகிற பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள். காத்துக்கொண்டிருக்கிறவன் போடுகிற கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். அப்புறம், நாலு பேர் முன்னால் உனக்கு முகம் சுருங்கும்போது ஒரு நல்ல நகைச்சுவை நாக்கு நுனிக்கு வரும். என் ரத்தம் என்பதால் கட்டாயம் வரும். அப்போது வாயில் எதையாவது போட்டுக்கொள். வெற்றிலை கிடைக்காது அங்கே, பிஸ்கட்டாவது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதுவரை எழுதினதையெல்லாம், விவரம் தெரியாத லஸ்கர், போனில் வந்ததை நம்பி மோசம் போனான் என்று நீ படித்திருப்பாய். நானும் அப்படிப் படிக்கும்படிதான் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இரண்டு வரி ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்த நேரம் நேர்கோட்டில் நிற்காமல் பறந்தால் ஆகிற உத்தேச நேரம், இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானம் இல்லாமல் இருக்கலாம் என்று. என் ஆங்கிலம் சுமார்தான். ஆனால் முப்பது வருஷமாக மேலதிகாரிகளின் சுற்றறிக்கையில் பொடி எழுத்தைத்தான் முதலில் படித்துப் பழகியவன் நான். அந்த வரியை அன்றைக்கே படித்தேன். புரிந்தது. விரலால் திரையை மேலே தள்ளி, பதினைந்து மணி நேரம் என்கிற இடத்துக்குத் திரும்பப் போய்விட்டேன்.

ஏன் என்றால், அந்த மாதம்தான் உன் அம்மாவுக்கு ஒரு நாள் காலையில் சர்க்கரை இறங்கி, கட்டிலில் இருந்து எழுந்திருக்க முடியாமல் போனது. உன்னிடம் சொல்லவில்லை. ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் போகிற வழியெல்லாம், அவனுக்குச் சொன்னால் எப்போது வருவான், எப்போது வருவான் என்பதைத் தவிர மனசில் வேறெதுவும் ஓடவில்லை. அவளுக்குச் சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை. பதினைந்து மணி நேரம் என்றால் தாங்கிவிடலாம் தம்பி. காலையில் ஒன்று என்றால் இருட்டுவதற்குள் நீ வாசலில் இருப்பாய். முப்பத்தைந்து மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி இந்த வீட்டில் இருப்பது? அதனால்தான் டீக்கடையில் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், சம்பந்தியிடம் சொன்னேன். நூறு பேர் தலையாட்டினால் உண்மையாகிவிடும் என்று பார்த்தேன். நீ ஒருவன்தான் தலையாட்டவில்லை. பனி, லீவு, கனெக்‌ஷன் என்று உள்ளதைச் சொன்னாய். அந்த ஆத்திரத்தைத்தான் மண்டபத்தில் உன்மேல் கொட்டினேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வந்துவிட்டது, பார். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. மன்னித்துக்கொள்.

உன் அம்மா கட்டிக்கொண்டிருக்கும் மூட்டையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் வேண்டும். மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல், பிள்ளை பெற்றவளுக்கு மருந்துப்பொடி, எல்லாம் எடை பார்த்து எடை பார்த்து, கடைசியில் என் வேட்டிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள். வாய்க்காலுக்கு ஆள் சொல்லிவிட்டேன். விடுப்பும் சாங்ஷன் ஆகிவிட்டது. நிறைய எழுதிவிட்டேன், கை வலிக்கிறது. மருமகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அப்பா

ஒட்டின கவரைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். தபால் ஆபீசில் கவுண்டரில் இருந்த பெண் கவரை எடை போட்டுவிட்டு, கனடாவுக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகலாம் சார் என்கிறாள். நாங்கள் வருகிற செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம், புதன்கிழமை ராத்திரி உன் வீட்டில் இருப்போம்.